எழுத்தும் ஓவியமும்: கே. சி. எஸ். பணிக்கரின் வாழ்வு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்றால் சிலம்பு பற்றியோ குறள் பற்றியோ சொற்பொழிவு ஒன்று நிகழ்வது நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். அதற்குரிய புலவர் பெருமக்கள் நம்மிடையே பலர் உளர். எனினும் இவ்வாண்டு செயற்குழுவினர் வேறொரு பொருளைத் தந்து நம்மைப் பேசப் பணித்தனர். பிறந்த மண்ணை விட்டு வேறு மண்ணில் வாழ்ந்த ஓர் ஓவியரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றனர். காரணம் கேட்டோம். "2012 டிசம்பர் 12-ஆம் நாள் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நம் தெருக்களிலேயே நடக்கிறது. மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த பண்டகசாலைகளில் உலகத்து ஓவியங்கள் தொங்குகின்றன. நம்மவர்களோ வாசல்வரை சென்று கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். யாராவது ஓர் ஓவியரையேனும் அவர்களுக்கு அறிமுகம் செய்துவையுங்கள்" என்றார்கள். நியாயமான வேண்டுகோளே.

யாரைப் பற்றிப் பேசுவது? தமிழகத்திலிருந்து புறப்பட்டு உலகின் பல மூலைகளுக்குச் சென்ற கலைஞர் உண்டு. ஆயினும் நாம் தேர்ந்துகொண்டவர் தமிழர் அல்லர். தமிழ்நாட்டில் வாழ்ந்த மலையாளி. நாமோ மலையாள நாட்டில் வாழும் தமிழர். கண்ணாடியில் வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தோன்றுமன்றோ? அதுபோல் அவர் வாழ்வில் நம் வாழ்வு மாறித் தோன்றும். அவரே கே. சி. எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே திங்கள் 30-ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் மலபார்க் குடும்பம். பொன்னானிப் பகுதியின் வாய்க்கால்களும் தென்னஞ்சோலைகளும் அவர் இளமைக் கண்களில் பதிந்தவை. கோவைக்கும் பொன்னானிக்கும் இடையே அந்நாளில் மாநில எல்லை ஏதுமில்லை என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். இரண்டுமே சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வண்டி ஏறினால் மொழி மெல்ல மெல்ல மாறும், அவ்வளவே. நாம் நிற்கும் இம்மட்டாஞ்சேரி வேறு. இது கொச்சி மன்னரின் நாடு. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் பணிக்கர் "வெளிமாநிலத்தார்" ஆனார். அவர் எல்லையைக் கடந்து சென்றவர் அல்லர். எல்லைதான் அவரைக் கடந்து சென்றது. நம் பாட்டன்மார் பலருடைய கதையும் இதற்கு மிகவும் வேறானதன்று.

பன்னிரண்டு வயதிலேயே நிலக்காட்சிகளைத் தீட்டத் தொடங்கினார் என்பர். பதினேழு வயதில் சென்னை நுண்கலைக் கழகத்தின் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. இவ்வளவு திறமை இருந்தும் உடனே கலைப்பள்ளியில் சேர்ந்தாரா? இல்லை. குடும்பம் இருந்தது, குடும்பத்திற்குச் சோறு வேண்டியிருந்தது. தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். ஆயுள் காப்பீட்டுத் தொழிலும் செய்தார். 1936-இல், இருபத்தைந்தாம் வயதில்தான் சென்னை அரசினர் கலை, கைத்தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நம் காலனியில் படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, "முதலில் பி.காம். முடி, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் தந்தையர் பலரை நாம் அறிவோம். அவர்களைக் குறை கூற மாட்டோம். "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பிறகும் பார்க்காமல் இருப்பதே குறை.

அப்பள்ளியைப் பற்றி இரண்டு சொல். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கியது அது. 1929-இல் அதன் தலைவராக வந்தவர் தேவிபிரசாத் ராய் சவுத்ரி. அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. சென்னைக் கடற்கரையில் பெரும்பாறையை நெம்பிப் புரட்டும் நான்கு உழைப்பாளிகளின் சிலையைப் பார்த்திராதவர் இவ்வவையில் யார்? அதை வடித்தவர் அவர். அவரும் வங்காளத்திலிருந்து வந்தவர். ஆக வங்காளத்து ஆசிரியர், மலபார் மாணவர், தமிழ்நாட்டுப் பள்ளி. சென்னை அந்நாளில் அப்படி இருந்தது. 1941-இல் பணிக்கர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். ராய் சவுத்ரி 1957-இல் ஓய்வு பெற, பணிக்கர் தலைமையை ஏற்று 1967 வரை பள்ளியை நடத்தினார். இடையில் 1944-இல், சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் ஒன்று அவரால் உருவாயிற்று. சங்கம் வைப்பதில் நாம்தாம் வல்லவர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

அக்காலத்து அவர் படங்கள் பெரும்பாலும் நீர்வண்ணப் படங்கள். மலபார்க் காட்சிகள். வாய்க்கால், படகு, தென்னை, வயலில் குனிந்து நிற்கும் உழவர். இங்கே வல்லத்தில் ஏறி வைப்பீன் பக்கம் போகும் எவருக்கும் அவ்வொளி பழக்கமானது; மழை விட்ட பின்பு தென்னோலைகளின் இடையே விழும் பச்சை கலந்த வெளிச்சம். அவ்வெளிச்சத்தைச் சென்னையின் வெயிலில் உட்கார்ந்துகொண்டு அவர் தீட்டினார். பின்னாளில் அவர் அடைந்த புகழெல்லாம் வேறு வகைப் படங்களுக்காகவே. எனினும் நம் தனிப்பட்ட விருப்பத்தைக் கேட்டால், இந்த நீர்வண்ணப் படங்களையே முதலில் வைப்போம். விமரிசகர்கள் இதனை ஒப்ப மாட்டார்கள். போகட்டும்.

ஊரைப் பிரிந்தவன் ஊரை வரைவது எளிது. கண்ணை மூடினால் ஊர் வந்துவிடும். ஆனால் ஒருவன் வாழ்நாள் முழுவதும் அதையே வரைந்துகொண்டிருந்தால் என்னாகும்? வரைந்த ஊர் வேறு, உண்மையில் மாறிக்கொண்டிருக்கும் ஊர் வேறு என்றாகிவிடும். நம்மில் சிலர் திருநெல்வேலியைப் பற்றிப் பேசும்போது நாற்பது ஆண்டுக்கு முந்திய திருநெல்வேலியைப் பேசுவதில்லையா? பணிக்கர் அந்த இனிய சிறையில் தங்கவில்லை. ஐரோப்பிய ஓவியர் வான்கோ, கோகன் ஆகியோரின் வண்ணங்களைக் கற்றார். புத்தர் பிறந்த லும்பினியைத் தீட்டினார். மலைப்பிரசங்கத்தின் சொற்களையே தலைப்பாகக் கொண்டு, சமாதானம் செய்வோரைப் பற்றி 1951-இல் ஒரு படம் தீட்டினார். பின்னர்த் தோட்டங்கள் என்னும் வரிசை வந்தது.

1954-இல் அவர் இங்கிலாந்துக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் சென்றார். இலண்டனில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. பாராட்டும் கிடைத்தது. அந்தப் பயணத்திற்குப் பின் ஒரு கேள்வி அவரை விடாது பற்றிக்கொண்டது. 'ஐரோப்பியர் முறையை நன்கு கற்று, அவர்கள் மெச்சும்படி வரைகிறோம். இதில் நம்முடையது எது?' என்பது அக்கேள்வி. பழைய அஜந்தாவைப் பார்த்துப் படியெடுத்தால் அதுவும் நம்முடையது ஆகாது. அது அஜந்தா ஓவியருடையது. புடவையும் குடமும் வரைந்துவிட்டால் படம் இந்தியப் படம் ஆகிவிடுமா? நாற்பத்து மூன்று வயதில், பெயரும் பதவியும் பெற்றுவிட்ட ஒருவர், தம் கையிலிருந்ததை ஐயுறத் தொடங்குவது எளிய செயலன்று. இந்த ஐயத்தில் ஒன்பது ஆண்டுகள் சென்றன.

விடை எங்கிருந்து வந்தது? கோயிலிலிருந்து வரவில்லை, பழஞ்சுவடியிலிருந்தும் வரவில்லை. 1963-இல், ஒரு மாணவனுடைய கணக்குக் குறிப்பேட்டின் பக்கம் தம் கண்ணைக் கவர்ந்ததாக அவர் கூறியிருக்கிறார். எண்கள், கோடுகள், கட்டங்கள், கூட்டல் குறிகள், வரிசை வரிசையாய் எழுத்துகள். மாணவனுக்கு அது வீட்டுப்பாடம். பணிக்கருக்கு அது ஓர் ஓவியம். பொருளை மறந்துவிட்டுப் பார்த்தால் எழுத்து என்பது கோடும் வளைவுமே அன்றோ? முதலில் கணக்குக் குறிகளையும் ரோமன் எழுத்துகளையும் கொண்டு தீட்டிப் பார்த்தார். பின்னர், அவர் கைக்கு மிக நெருங்கிய வளைவுகள் தாமே வந்து சேர்ந்தன. அவை மலையாள எழுத்தின் வளைவுகள்.

"சொற்களும் குறியீடுகளும்" என்று பெயர் பெற்ற அப்படங்களைச் சற்று விளக்க வேண்டும். பெரிய திரை. மங்கிய மஞ்சளோ பச்சையோ பழுப்போ அதன் நிறம். அதன்மேல் பத்தி பத்தியாக நுண்ணிய எழுத்துகள். ஓரிடத்தில் பன்னிரண்டு கட்டம் போட்ட சாதகச் சக்கரம்; நம் வீட்டு அலமாரியில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறோமே, அதே சக்கரம். ஓரிடத்தில் முக்கோணமும் வட்டமும். இடையிடையே ஒரு மீன், ஒரு பறவை, ஒரு பாம்பு. மலையாளம் தெரிந்தவர் அருகே சென்று வாசிக்க முயல்வார். எழுத்துப் போலவே இருக்கும், ஆனால் சொல் ஆகாது, வாசகம் ஆகாது. வாசிக்க வந்தவர் ஏமாந்து இரண்டடி பின்வாங்குவார். பின்வாங்கி நின்றவுடன் படம் தெரியும். பழைய ஓலையின் தோற்றமும், வைத்தியன் வீட்டுச் சுவடியின் தோற்றமும், மந்திரத் தகட்டின் தோற்றமும் ஒருங்கே தோன்றும்.

இவற்றுள் சில வறண்டிருக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஒரே முறையைத் திரும்பத் திரும்பக் கையாளும்போது எவருக்கும் நேர்வதே அது. நல்லவையாக அமைந்தவையோ, பார்த்தபின் கண்ணை விட்டு நீங்குவதில்லை.

கோவையில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, ஐரோப்பா சென்று வந்த ஒருவர், ஐம்பத்திரண்டாம் வயதில் தம் தாய்மொழியின் எழுத்திடம் வந்து சேர்ந்தார். அதுவும் மலையாள நாட்டுக்குத் திரும்பிச் சென்று அன்று. ஒரு சென்னை மாணவனின் நோட்டுப் புத்தகம் வழிகாட்ட வந்து சேர்ந்தார். பிறந்த குடியின் எழுத்தும் வாழ்ந்த ஊரின் வகுப்பறையும் சேர்ந்தே அவருக்குக் கலையைக் கொடுத்தன. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அந்தப் படம் இல்லை. இன்று நாம் சொல்ல வந்ததில் முதன்மையானது இதுவே.

பணிக்கரின் படத்தை வாசிக்க முயன்று ஏமாறும் அந்த அனுபவம் நம் தெருவில் நமக்கு நாள்தோறும் கிடைக்கிறது. யூதத் தெருவின் முடிவிலுள்ள ஜெபாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1568-இல் கட்டப்பெற்றது. பரதேசி ஜெபாலயம் என்று அதற்குப் பெயர். தமிழில் இன்று ஒருவரைப் பரதேசி என்றால் சண்டைக்கு வருவார். இங்கோ கடல் கடந்து வந்தவர்கள் தம் வழிபாட்டிடத்திற்கே அப்பெயரைப் பெருமையோடு தாங்கினர். அதன் மணிக்கூண்டு 1760-ஐச் சேர்ந்தது. கடிகாரத்தின் முகங்களில் எபிரேய எழுத்து ஒரு பக்கம், ரோமன் எண் ஒரு பக்கம், மலையாள எண் ஒரு பக்கம். வந்தவரும் இருந்தவரும் வணிகரும் அவரவர் எழுத்தில் ஒரே மணியைப் பார்த்தனர். நாம் பிள்ளைப் பருவத்தில் அம்மணிக்கூண்டின் கீழே விளையாடினோம். எபிரேய எழுத்துகள் நமக்குப் படங்களாகவே இருந்தன. பணிக்கர் திரையில் செய்தது அதுதான்.

அதே ஜெபாலயத்தில் செப்பேடுகள் உள்ளன. சற்றேறக்குறைய கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு எழுபத்திரண்டு வீட்டுப்பேறுகளை வழங்கிய சாசனம் அது. எழுதப்பெற்ற எழுத்து வட்டெழுத்து; தமிழகத்தின் தென்பகுதியிலும் வழங்கிய அதே வட்டெழுத்து. அதன் மொழியைத் தமிழ் என்பாரும் உளர். பழைய மலையாளம் என்பாரும் உளர். அவ்வழக்கை இம்மேடையில் தீர்க்க வேண்டா. தீர்க்கப் புகுந்தால் இரவு உணவு ஆறிவிடும். அன்று அரசன் தன் எழுத்தில் எழுதிக் கொடுத்தான். பெற்றவர் குடியினர் அதை ஆயிரம் ஆண்டு காத்தனர். அவர்களுள் அதை வாசிக்க வல்லார் எத்தனை பேர் இருந்திருப்பர்? வாசிக்க இயலாத எழுத்தையும் உயிர்போல் காப்பாற்றுவது ஒருவகை அன்பே.

இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், அதில் ஐயமில்லை. வெளி தோபிகானாவில் துணி உலர்த்தும் குடும்பங்களிலும், பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பங்களிலும், காலனியில் உத்தியோகத்தில் இருப்போர் குடும்பங்களிலும் தமிழ் பேச்சாக உயிரோடிருக்கிறது. எழுத்தாக? பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும். பேரன் பாட்டிக்கு எழுதும் செய்தி தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்து. அண்மையில் ஒரு கல்யாணப் பத்திரிகை நமக்கு வந்தது. மேலே பிள்ளையார் சுழியும் "உ" என்னும் எழுத்தும் பொன்னிறத்தில். "திருமண அழைப்பிதழ்" என்பது அலங்கார எழுத்தில். மற்றவை யாவும் ஆங்கிலம். அப்பத்திரிகையில் தமிழ் எழுத்து கொடிபோலவும் மயில்போலவும் ஒரு சித்திர வேலைப்பாடாக நின்றது.

அன்பர்கள் கேட்கலாம்: பணிக்கர் செய்தால் கலை, கல்யாண வீட்டார் செய்தால் குறையா? நல்ல கேள்வி. நாமும் பல நாள் எண்ணிப் பார்த்தோம். நமக்குத் தோன்றிய விடை இது. பணிக்கருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். தெரிந்தே பொருளைக் கழற்றிவைத்தார். அதனால் அவர் கோடுகளில் எழுதிப் பழகிய கையின் ஓட்டம் இருக்கிறது. அவர் படத்தின் முன் நிற்கும் மலையாளிக்கு வாசிக்கும் ஆவல் எழுகிறது; அவ்வாவல் நிறைவேறாமற் போவதில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு இந்த ஏமாற்றமும் இல்லை, ஆவலும் இல்லை. பொருளைக் கழற்றிவைக்க வேண்டுமானால் முதலில் பொருள் கையில் இருக்க வேண்டுமே!

மறுபுறமும் ஒன்று உண்டு. வகுப்பில் பிள்ளைகள் "ழ" வையும் "ணை" யையும் எழுதும்போது, அவர்கள் எழுதுவதில்லை, வரைகிறார்கள். சுழியை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கீழிருந்து மேலே போகிறார்கள். ஆசிரியர்க்குச் சினம் வருகிறது. வரைந்தாலும் வரையட்டும் என்பதே நம் கருத்து. கோலம் போடும் கைக்குச் சுழி அந்நியமன்று. பணிக்கர் எழுத்திலிருந்து ஓவியத்திற்குச் சென்றார். நம் பிள்ளைகள் ஓவியத்திலிருந்து எழுத்துக்கு வரக் கூடும். அடுத்த ஆண்டு வகுப்பில் தூரிகையும் வண்ணமும் வைத்துப் பார்க்கலாம் என்று செயலாளரிடம் விண்ணப்பித்திருக்கிறோம். செலவு அதிகம் ஆகாது.

இனி, தந்தையர் மனத்திலுள்ள கேள்விக்கு வருவோம். படம் வரைந்தால் வயிறு நிறையுமா?

பணிக்கரை இக்கேள்வி வாழ்நாள் முழுவதும் வாட்டியது. தமக்காக அன்று, தம் மாணவர்க்காக. ஆண்டுதோறும் கலைப்பள்ளியிலிருந்து இளைஞர்கள் தேறி வெளியே வந்தனர். படம் வாங்குவோர் சென்னையில் அன்று மிகச் சிலர். பலர் விளம்பர நிறுவனங்களிலும் துணி வடிவமைப்பிலும் நுழைந்து, ஓவியத்தை மறந்தனர். பணிக்கர் ஒரு வழி கண்டார். கைவினை செய்யுங்கள், அதை விற்றுச் சோறு உண்ணுங்கள், ஓவியத்தை விலைக்காக வளைக்காமல் வரையுங்கள் என்றார். ஓவியர் கைவினைச் சங்கம் தோன்றியது. துணியில் மெழுகு பூசி, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி மீண்டும் தோய்க்கும் பாத்திக் வேலையை அவர்கள் மேற்கொண்டனர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகில் விழும் கீறல்களின் வழியே சாயம் நூல் நூலாகப் பாயும். அந்தத் துணிகளை மக்கள் விரும்பி வாங்கினர். தோல் வேலை, உலோக வேலை, மட்பாண்டம் ஆகியவையும் நடந்தன.

அவ்விற்பனைப் பணத்தைக் கொண்டு 1966-இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், மாமல்லபுரம் செல்லும் சாலையோரம் எட்டுப் பத்து ஏக்கர் மணல் நிலத்தை வாங்கினர். முப்பது பேர் அளவில் கூடிய அக்குடியிருப்புக்குச் சோழமண்டலம் என்று பெயரிட்டனர். இன்று அவ்வழியே விடுதிகளும் மாளிகைகளும் நெருங்கிவிட்டன. அன்று அது சவுக்கும் மணலும். அரசினர் நன்கொடையை எதிர்பாராமல், கலைஞர் தம் கைத்தொழிலால் மனை வாங்கி, வீடு கட்டி, உடனுறைந்த இடம் அது. காலனியில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். பொதுக் கிணறு, பொதுக் கூடம், ஒரே வேலியின் மேல் இரண்டு கருத்து! சோழமண்டலத்திலும் பிணக்குகள் இல்லாமல் இல்லை. சிலர் விலகினர். எனினும் அது கலையவில்லை; ஐம்பது ஆண்டுக்கு மேல் நின்றுவிட்டது.

தமிழகத்து மண்ணில் சோழர் பெயர் தாங்கிய ஓர் ஊரை, மலையாளி ஒருவர் முன்னின்று அமைத்தார் என்பதை இங்கே நினைக்க வேண்டும். அங்கே கூடியவர்கள் தமிழர், மலையாளிகள், கன்னடர், தெலுங்கர், மராட்டியர். எந்த மொழியில் சண்டையிட்டார்களோ தெரியவில்லை! கே. இராமானுஜம் என்னும் தமிழ் இளைஞர் ஒருவர் அங்கிருந்தார். பேச்சு எளிதில் வராது. உலகம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. மையும் தூரிகையும் கொடுத்தால் மாடமாளிகைகளும் பறக்கும் உருவங்களும் நிறைந்த கனவு நகரங்களைத் தீட்டுவார். அவரை அரவணைத்தவர் பணிக்கர். இராமானுஜம் 1973-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் தீட்டிய கனவு நகரங்கள் இன்று பெருமதிப்புப் பெற்றுவிட்டன. வாழ்நாளில் அவருக்கு வாய்த்தது ஒரு கூரையும் ஒரு நல்லாசிரியரும்.

பணிக்கரின் மாணவர் வரிசை நீண்டது. எல்லோரையும் சொல்ல நேரமில்லை. நீங்கள் ஏற்கெனவே அறிந்த சிலரை மட்டும் சொல்வோம். மலம்புழை அணைக்குச் சுற்றுலா சென்றோர் அங்கே பெரிய யட்சி சிலையைக் கண்டிருப்பர். கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோரும் உண்டு. 1969-இல் அதை வடித்த கானாயி குஞ்ஞிராமன் சென்னையில் பணிக்கரிடம் பயின்றவர். மாத்ருபூமி வார இதழில் கோட்டோவியங்களால் மலையாள வாசகர் உள்ளம் கவர்ந்து, 2023-இல் மறைந்த நம்பூதிரியும் அக்கல்லூரிப் பிள்ளையே. நம் கொச்சியில் கேரள கலாபீடம் உருவாக முன்னின்ற எம். வி. தேவனும் அவ்வாறே. கொல்லத்துப் பக்கத்தில் பிறந்த விசுவநாதன் சென்னையில் கற்று, சோழமண்டலத்தில் வாழ்ந்து, 1968-இல் பாரிஸ் சென்று அங்கேயே குடியேறினார். சென்னையை வழியாகக் கொண்டு மலையாளக் கலை மலையாள நாட்டுக்கே திரும்பி வந்தது; உலகுக்கும் சென்றது. இன்று பினாலேக்கு வரும் கேரள இளைஞர்களுக்கு இவ்வரலாறு தெரியுமோ தெரியாதோ, அவர்கள் காலடியில் அது கிடக்கிறது.

1976-இல் லலித கலா அகாதெமி பணிக்கருக்கு அதன் உயர்ந்த சிறப்பான உறுப்புரிமையை வழங்கிற்று. அடுத்த ஆண்டு, 1977 சனவரி 15-ஆம் நாள், பொங்கல் திருநாளை ஒட்டிச் சென்னையில் அவர் காலமானார். மகன் நந்தகோபால் உலோகச் சிற்பங்களில் புகழ் பெற்று, சோழமண்டலத்தின் பொறுப்பையும் நெடுங்காலம் சுமந்து, 2017-இல் மறைந்தார். 2009-இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்திற்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது.

பணிக்கரின் படங்கள் எங்கே உள்ளன என்று விழாவுக்கு முன்பே இரண்டு மூன்று இளைஞர்கள் கேட்டனர். அவர்களுக்கு விடை: சென்னைவரை செல்ல வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்திலேயே பணிக்கர் பெயரால் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. மலபார் நீர்வண்ணப் படங்கள் முதல் சொற்களும் குறியீடுகளும் வரை அங்கே காணலாம். எர்ணாகுளத்தில் காலை வண்டி ஏறினால் நண்பகலுக்குள் சென்றுவிடலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தாய்மார்கள், அவ்வெழுத்துப் படங்களின் முன் நின்று, "இது என்ன எழுத்து, வாசி பார்க்கலாம்" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டா, அன்று மூடியிருக்கும்.